பச்சையாகிவிட்டால் போதுமா?

பில்ட் ஸ்கிரிப்டே கமிட் போடுவது மென்பொருள் அணிகளில் வழக்கமாகிவிட்டது. 2005இல் தொடங்கிய, கொழும்பைப் பெருந்தளமாகக் கொண்ட டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தின் களஞ்சியங்களைக் கிட்ஹப்பில் புரட்டினால், மனிதர்களின் கமிட்டுகளுக்கு நடுவே ஜென்கின்ஸ் போட்டவையும் வரும்: வெளியீட்டுக்குத் தயார், அடுத்த சுற்றுக்குத் தயார் என்று. மேவனின் ரிலீஸ் பிளகின் பரப்பிய முறை இது.

இதில் நன்மை உண்டு. பதிப்பு எண்ணை மாற்ற மனிதர் மறப்பார், ஸ்கிரிப்ட் மறக்காது.

கோளாறு, அந்தக் கமிட் தவறும்போது கையாளப்படும் வைத்தியத்தில் இருக்கிறது. பதிய மாற்றம் எதுவும் இல்லாவிட்டால் ‘கிட் கமிட்’ 1 என்ற குறியீட்டோடு முடியும். பூச்சியம் அல்லாத எதுவும் தோல்விதான் என்று எடுத்துக்கொண்டு பில்ட் நின்றுவிடும். உடனே யாராவது அந்த வரியின் வாலில் இரண்டு நெடுங்கோட்டையும் ‘ட்ரூ’வையும் ஒட்டிவிடுகிறார்கள். என்ன நடந்தாலும் வெற்றி என்று சொல் என்பதுதான் அதன் பொருள். பில்ட் பச்சையாகிறது; பிரச்சினை தீர்ந்ததாக எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள்.

தீரவில்லை. புதிய கன்டெய்னரில் பயனர் பெயரும் மின்னஞ்சலும் அமைக்கப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். கிட் 128 என்ற குறியீட்டோடு மறுக்கும். ‘ட்ரூ’ அதையும் விழுங்கிவிடும். அடுத்த வரி ‘கிட் டேக்’: புதிய பதிப்பின் பெயர் பழைய கமிட்டின்மேல் போய் ஒட்டும். அதற்கடுத்து கிளையை ‘புஷ்’ செய்யும்போது, அனுப்பப் புதிதாக ஒன்றும் இல்லையென்று சொல்லிப் பூச்சியத்தோடு முடியும். மூன்று வரிகளும் தேறிவிட்டன. கிளையில் எதுவும் ஏறவில்லை.

டேக் மட்டும் தனியே ‘புஷ்’ ஆகியிருந்தால், சில வாரங்களுக்குப் பின், முருங்கனில் வீட்டிலிருந்தே கொழும்புத் திட்டமொன்றுக்கு வேலை செய்யும் ஒருவர் அந்த டேக்கை இறக்கிப் பார்த்தால் உள்ளே பழைய எண் இருக்கும். பில்ட் வரலாற்றில் தேடினாலோ ஒரு சிவப்புக்கூட இராது. எங்கே தொடங்குவார்?

ஒரு பதிப்பு எண்ணுக்காக முழு பில்டையும் நிறுத்துவதா என்று இதை ஆதரிப்போர் கேட்கிறார்கள். நிறுத்தத்தான் வேண்டும். 2024 மார்ச்சில் ஆன்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருளாளர் கண்டுபிடித்த, எக்ஸ்.இசட் சுருக்கக் கருவியின் பின்கதவு 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இருந்தது. தாக்குதலைத் தொடங்கிவைக்கும் பில்ட் ஸ்கிரிப்ட் வெளியீட்டுப் பொதியில் மட்டுமே இருந்தது, கிட் களஞ்சியத்தில் இல்லை. அது சதி, இது அவசரம். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது கடுமைதான். ஆனாலும் வெளியீடும் களஞ்சியமும் பொருந்துகின்றனவா என்று பார்க்காத பழக்கம் இரண்டுக்குமே இடம் கொடுக்கிறது. அந்தப் பழக்கத்தைத்தான் ‘ட்ரூ’ வளர்க்கிறது.

மாற்று வழி கடினமானதல்ல. ‘கிட் டிஃப்’பை ‘கேஷ்டு’, ‘கொயட்’ தெரிவுகளோடு முதலில் ஓட்டினால், பதிய மாற்றம் இல்லையெனில் 0, இருந்தால் 1 வரும். 1 வந்தால் கமிட், 0 வந்தால் தாண்டிப் போகலாம், வேறெது வந்தாலும் பில்ட் நிற்கட்டும். கமிட் தோற்றாலும் அப்படியே. நான்கைந்து வரி வேலை.

உங்கள் ஸ்கிரிப்டைத் திறந்து ‘கிட் கமிட்’ வரியின் வாலைப் பாருங்கள். ‘ட்ரூ’ இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.