ஞானோபதேசமும் ஞானமும்

மார்ட்டின் லுத்தர் 1529ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம், சபை வரலாற்றில் மிகுதியாக மனனம் செய்யப்பட்ட நூல்களுள் ஒன்று. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு முதலிய மிஷனெரிகள் வழியே அது தமிழ்ச் சபைக்கும் பாடநூலாயிற்று. நம்மில் பலர் அதை ஒப்பித்தே திருவிருந்தில் சேர்ந்தோம். எனினும் ஒப்பித்த நூலைத் திறனாய்ந்து நோக்கியவர் சிலரே. கற்பித்தலைப்பற்றி இந்நூல் கொண்டுள்ள கருத்து யாது என்பதையே இங்கு ஆராய விழைகிறோம்.

1528இல் சாக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிட்ட லுத்தர், கிராமத்து மக்கள் மட்டுமன்றிப் போதகருள்ளும் பலர் கிறிஸ்தவ உபதேசத்தின் அரிச்சுவடியையே அறியாதிருக்கக் கண்டு மனம் நொந்தார். அந்நோவு முன்னுரை முழுவதிலும் தெரிகிறது. கற்க மறுப்போரைத் திருவிருந்தினின்று விலக்க வேண்டும். பெற்றோரும் எஜமானரும் அவர்களுக்கு உணவும் பானமும் மறுக்க வேண்டும் என்கிறார். அதே முன்னுரையில், விசுவாசிக்கும்படி எவரையும் வற்புறுத்த இயலாது, வற்புறுத்தவும் கூடாது என்றும் எழுதுகிறார். நகரில் வாழ விரும்புவோன் அந்நகரின் சட்டத்தை அறிந்திருக்க வேண்டுமன்றோ என்பது அவர் காட்டும் நியாயம்.

இந்நியாயம் பாதித் தூரமே செல்லும் எனக் கருதுகிறோம். சட்டத்தை அறிந்தவன் தண்டனைக்குத் தப்பலாம், அதனால் ஞானியாகிவிடான். பசிக்கு அஞ்சிக் கற்ற கற்பனைகள், பசி தீர்ந்தபின் நெஞ்சில் நிற்குமோ?

ஆயினும் நூல் தன் முன்னுரையினும் மேலானது. ஒவ்வொரு கற்பனைக்கும் பின்னர் அதன் பொருளை வினவும் சிறு கேள்வி ஒன்று வருகிறது. கேட்பவர் ஆசிரியரே என்று நூல் வரையறுக்கவில்லை. குடும்பத்தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாய்ப் போதிக்கவேண்டிய முறை என்றே தலைப்பு அமைந்துள்ளது. உபாகமம் ஆறாம் அதிகாரத்திலும் வினவுகிறவன் மகன். தகப்பனோ எகிப்தின் அடிமைத்தனத்தினின்று மீட்கப்பட்ட வரலாற்றையே விடையாகக் கூறுகிறான். பிள்ளையின் வாயில் பிறக்கவேண்டிய கேள்வியைப் பரீட்சகரின் வாய்க்கு மாற்றியவை நம் வகுப்புகளே. அம்மாற்றத்தில் ஞானம் நழுவி, உபதேசம் மட்டுமே எஞ்சிற்று.

இக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. பல ஆண்டுகளுக்கு முன் எழுத்தறியாத மூதாட்டி ஒருவர் திடப்படுத்தலுக்கு வந்தார். விசுவாசப்பிரமாணத்தின் முதற்பிரிவுக்குரிய விளக்கத்தை அவரால் ஒப்பிக்க இயலவில்லை. அடுத்த ஆண்டு வருமாறு கூறி அனுப்பிவிட்டோம். பின்னர் அவர் வீட்டுக்குச் சென்றபோது, குடித்த கஞ்சிக்கும், உடுத்திய சேலைக்கும், மங்காத கண்களுக்கும் தனித்தனியே நன்றி செலுத்தி ஜெபித்தார். அவ்விளக்கத்தில் லுத்தர் வரிசைப்படுத்துவனவும் உடல், கண், உடை, உணவு என்பனவே. ஒப்பிக்க இயலாத பாடம் அவரிடத்தில் ஜெபமாகவே இருந்ததைக் கண்டு வெட்கமுற்றோம்.

மனனம் வேண்டா என்பது நம் வாதமன்று. மரணப்படுக்கையில் மனனம் செய்த வசனமே துணைநிற்பதைப் போதகர் யாவரும் கண்டிருக்கிறோம். முதலில் வாசகம், பின்பு பொருள், அதன்பின் விரிவான போதனை என லுத்தரே மூன்று படிகளை வகுத்தார். நாமோ முதற்படியிலேயே சான்றிதழ் வழங்கிவிடுகிறோம்.

பெரிய ஞானோபதேசத்தின் முன்னுரையில், தாம் பண்டிதராயிருந்தும் நாள்தோறும் சிறுபிள்ளையைப்போல் இதனைப் பயில்வதாக லுத்தர் அறிக்கையிடுகிறார். அவரை எவரும் வற்புறுத்தவில்லை. கற்பிப்பவர் தாமும் கற்பவராய் நிலைத்திருக்கும் வகுப்பிலேயே பிள்ளைகள் வினவத் துணிவர். செல்வத்தைக் கேளாமல், கேட்டுணரும் இருதயத்தைக் கேட்ட சாலொமோனின் விண்ணப்பம், திடப்படுத்தல் வகுப்பைத் தொடங்குமுன் ஆயராகிய நாம் ஏறெடுக்கவேண்டிய ஜெபமாகும்.