மன்னிப்பு யாருடையது? ‘ஃபார் சச் எ டைம்’ நாவலும் பிளவுபட்ட வாசகர்களும்

முன்னுரை

ஒரே நாவலை ஒரு சாரார் இறைநம்பிக்கையை வளர்க்கும் நூலாகப் போற்றுவதும், மறு சாரார் இறந்தோரை இழிவுபடுத்தும் நூலாக ஒதுக்குவதும் இலக்கிய வரலாற்றில் புதியன அல்ல. அத்தகைய பிளவைச் சுவை வேறுபாடு என்று கூறிக் கடந்துவிடுதல் எளிது. ஆயின், வாசகர் கருத்துகள் தனிமனித விருப்பு வெறுப்புகளாக மட்டும் அமைவதில்லை. அவற்றின் பின்னால் இலக்கிய வகை பற்றிய எதிர்பார்ப்பும், சமய மரபும், வரலாற்று நினைவும் நிற்கின்றன. அமெரிக்க எழுத்தாளர் கேட் பிரெஸ்லின் எழுதி, கிறித்துவ நூல்களை வெளியிட்டுவரும் பெத்தனி ஹவுஸ் பதிப்பகத்தின்வழி 2014இல் வெளிவந்த ‘ஃபார் சச் எ டைம்’ என்னும் நாவல் இதற்குத் தக்க சான்றாகும். இந்நாவலைப் போற்றியோர் கூற்றையும் மறுத்தோர் கூற்றையும் எடுத்துரைத்து, அவ்விரண்டும் எப்புள்ளியில் முரண்படுகின்றன என்பதைக் காண இக்கட்டுரை முற்படுகிறது.

நாவலின் கதையமைப்பு

நாவலின் தலைப்பு விவிலியத்தின் எஸ்தர் நூல் நான்காம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டது. பாரசீக மன்னன் அகாஸ்வேருவின் அரசியாகிய எஸ்தர், தன் இனத்தை அழிக்க ஆமான் செய்த சூழ்ச்சியை மொர்தெகாயின் தூண்டுதலால் முறியடித்த வரலாறே அந்நூல். பிரெஸ்லின் அக்கதையை 1944ஆம் ஆண்டிற்கும், செக் நாட்டிலிருந்த தெரேசியன்ஸ்டாட் முகாமிற்கும் இடம்பெயர்க்கிறார்.

எஸ்தரின் எபிரேயப் பெயர் தமிழ் விவிலியத்தில் அத்சாள் என்று வழங்குகிறது. நாவலின் தலைவியும் அப்பெயரையே உடையவள். ஹடாசா பெஞ்சமின் என்னும் யூதப் பெண். பொன்னிறக் கூந்தலும் நீலக் கண்களும் கொண்ட அவள் ஸ்டெல்லா என்ற பெயரில் தன் பிறப்பை மறைத்து வாழ்கிறாள். டாஹாவ் முகாமில் சாவை எதிர்நோக்கி நின்றவளை எஸ்.எஸ். அதிகாரி ஆரிக் வான் ஷ்மிட் மீட்டுத் தன் செயலாளராக அமர்த்திக்கொள்கிறான். அவனே தெரேசியன்ஸ்டாட்டின் தலைமை அதிகாரி. ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்படுவோரின் பெயர்ப்பட்டியலைத் தட்டச்சு செய்யும் பணி அவள் கைக்கு வருகிறது. அவளை வளர்த்த பெரியவர் அம்முகாமிலேயே அடைபட்டிருக்கிறார். இருவரிடையே காதல் மலர்கிறது. அதிகாரியின் மனம் மாறுகிறது. ஆஷ்விட்ஸுக்குச் செல்ல வேண்டியவர்கள் காப்பாற்றப்படுகின்றனர். இடையிடையே ஒரு விவிலியம் எவர் வைத்தார் என்று தெரியாத வகையில் தலைவியின் முன் தோன்றி, அவளுக்கு ஆறுதல் அளிக்கிறது.

போற்றிய வாசகர்கள்

நாவலைப் போற்றியோரின் கருத்தை எள்ளி நகையாடுதல் திறனாய்வாகாது. அவர்கள் இதனைத் தாம் நன்கறிந்த ஓர் இலக்கிய வகையின் நூலாகவே படித்தனர். அமெரிக்காவில் இறையுணர்வுக் காதல் நாவல் என்பது தனக்கெனப் பதிப்பகங்களும் விருதுகளும் கொண்ட தனித்துறை. அதில் காதலர் இருவரின் உறவோடு அவர்கள் இறைவனோடு கொள்ளும் உறவும் வளர்ந்து நிறைவெய்த வேண்டும். முடிவு மகிழ்ச்சியாக அமைய வேண்டும். பாவி மனந்திரும்ப வேண்டும். லின் நீல் 2006இல் வெளியிட்ட ‘ரொமான்சிங் காட்’ என்னும் ஆய்வு, நற்செய்திக் கிறித்துவ மரபைச் சார்ந்த பெண்கள் இத்தகைய நாவல்களைப் பொழுதுபோக்காக மட்டுமன்றித் தம் சமய வாழ்வின் பகுதியாகவும் படிப்பதை எடுத்துக்காட்டுகிறது.

இவ்வாசகர்களுக்கு எஸ்.எஸ். அதிகாரி கொடியவனாக இருப்பது குறையன்று. இறையருளின் ஆற்றலைக் காட்ட அதுவே தேவை. பாவம் எத்துணைப் பெரிதோ அத்துணைப் பெரிது அருள் என்பது அவர்தம் நம்பிக்கை. தலைவியின் துணிவு, எஸ்தர் கதையோடு காணப்படும் ஒப்புமை, இருளிலும் இறைவன் கைவிடான் என்னும் உறுதி ஆகியவற்றை அவர்கள் பாராட்டினர். காதல் நாவல் எழுத்தாளர்களின் அமைப்பான ‘ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா’ வழங்கிய ரீட்டா விருதுக்கு, முதல் நூல், இறையுணர்வு நூல் என்னும் இரு பிரிவுகளில் 2015இல் இந்நாவல் இறுதிப்பட்டியலில் இடம்பெற்றது. விருது கிட்டவில்லை எனினும், துறைசார்ந்தோர் இதனைத் தம் வகைக்குள் சிறந்த ஆக்கமாக மதித்தனர் என்பதற்கு இதுவே சான்று.

காதல் நாவலின் பொது இலக்கணமும் இவ்வாசிப்புக்குத் துணைநிற்கிறது. ஜேனிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட ‘ரீடிங் தி ரொமான்ஸ்’ ஆய்வில், தலைவனின் தொடக்கக் கடுமையை வாசகியர் மறைந்துள்ள அன்பின் அடையாளமாக மீட்டுரைத்துக்கொள்வதை விளக்கினார். கடுமை உருகிக் கனிவாக மாறுதலே அவ்வகைக் கதையின் இன்பம். ஆரிக் என்னும் பாத்திரம் அவ்வச்சில் வார்க்கப்பட்டதே. ஆகவே போற்றிய வாசகர் நூலைத் தவறாகப் படித்தனர் என்று கூறுவதற்கில்லை. நூல் எப்படிப் படிக்கப்பட வேண்டும் என்று விழைந்ததோ அப்படியே படித்தனர்.

மறுத்த வாசகர்கள்

2015 ஆகஸ்டில், காதல் நாவல் திறனாய்வாளரான சாரா வென்டல் மேற்கூறிய அமைப்பின் நிர்வாகக் குழுவுக்குத் திறந்த மடல் ஒன்றை எழுதினார். அதன்பின் எழுந்த விவாதத்தில் மறுப்புகள் மூன்று திசைகளிலிருந்து வந்தன. கைதிக்கும் சிறை அதிகாரிக்கும் இடையே காதல் இயலாது என்பது ஒன்று. யூதப் பெண்ணின் மீட்பு கிறித்துவத்தை நோக்கிய நகர்வாக அமைகிறது என்பது மற்றொன்று. யூதர்களின் பேரழிவு, அதனைச் செய்தவனின் ஆன்ம ஈடேற்றத்துக்கு வெறும் பின்னணியாகிவிட்டது என்பது மூன்றாவது. படைப்புகளின் உள்ளடக்கத்தைக் கொண்டு போட்டிக்கு வரம்பு விதிப்பதில்லை என்று அமைப்பு விடையளித்தது. யூத மக்கள்பால் கொண்ட மதிப்பாலேயே எழுதியதாகவும், புண்படுத்தியமைக்கு வருந்துவதாகவும் ஆசிரியர் தெரிவித்தார். மறுப்பாளர் தணிக்கையைக் கோருகின்றனர் என்ற எதிர்க்குரலும் எழுந்தது.

மறுப்பின் வலிமையை உணர வரலாற்றை நோக்குதல் வேண்டும். 1941 முதல் 1945 வரை ஏறத்தாழ 140,000 யூதர்கள் தெரேசியன்ஸ்டாட்டுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 33,000 பேர் பட்டினியாலும் நோயாலும் அங்கேயே மாண்டனர். ஏறத்தாழ 88,000 பேர் ஆஷ்விட்ஸ் முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் திரும்பவில்லை. 1944 ஜூன் 23இல் செஞ்சிலுவைச் சங்கத்தினர் பார்வையிட வந்தபோது முகாம் வண்ணம் பூசி அழகுபடுத்தப்பட்டது. நெரிசலைக் குறைத்துக் காட்டுவதற்காக அதற்கு முன்னரே ஆயிரக்கணக்கானோர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டனர். அம்முகாமுக்குத் தலைமை ஏற்ற மூவருள் சீக்ஃப்ரீட் சைடல், கார்ல் ராம் ஆகிய இருவரும் போருக்குப்பின் 1947இல் தூக்கிலிடப்பட்டனர். அன்டன் புர்கர் தப்பியோடிப் பொய்ப்பெயரில் வாழ்ந்து மறைந்தான். மனந்திரும்பிக் கைதிகளை மீட்ட தலைமை அதிகாரி எவனும் அங்கு இருந்ததில்லை.

வரலாற்றில் நிகழாததைப் புனைவு எழுதக்கூடாது என்பது நம் கருத்தன்று. ஆயின், கதைக்குப் பெயர் பெற்ற முகாமைத் தேர்ந்துகொண்ட ஆசிரியர், அம்முகாமின் இறந்தோரையும் உடன் ஏற்கிறார். பட்டியலில் உள்ள பெயர்கள் காதலர் இருவரின் மனப்போராட்டத்துக்குக் கருவியாகும்போது, அப்பெயருக்குரியோரின் வழித்தோன்றல்கள் அதனை வேறு கண்கொண்டு படிப்பது இயல்பே.

ஒத்த அன்பு என்னும் அளவுகோல்

காதல் பொருந்துமா என்னும் வினாவுக்குத் தமிழ் மரபு தரும் அளவுகோல் ஒன்றை இவண் பயன்படுத்தலாம். தொல்காப்பியர் ஒத்த அன்பை ஐந்திணைக்கு உரியதாக்கி, பொருந்தாக் காமத்தைப் பெருந்திணையில் வைத்தார். மெய்ப்பாட்டியலில் தலைவன் தலைவியர்க்குரிய ஒப்பாகப் பத்தினைக் கூறினார். அவற்றுள் பிறப்பு, குடிமை போன்றவற்றை இன்றைய நாவலுக்குப் பொருத்துவது முறையன்று. தலைவன் உயர்ந்தோனாயினும் கடிவதற்கில்லை என்று களவியலே இசைவு தருவதால், உயர்வு தாழ்வு மட்டும் இங்குச் சிக்கலாகாது.

அகமரபில் சொல்லாமலே கொள்ளப்படும் ஓர் அடிப்படை உண்டு. தலைவி மறுக்கலாம். தோழி சேட்படுக்கலாம், வாயில் மறுக்கலாம், தலைவன் வெறுங்கையோடு திரும்பலாம். அம்மறுப்புக்கு இடமிருப்பதாலேயே அவளது உடன்பாடு உடன்பாடாகிறது. ஹடாசாவின் மறுப்பு சாவுக்கு வழிவகுக்கக்கூடியது. தன் பெயரையே வெளியிட இயலாதவள் தன் அன்பை மட்டும் உண்மையாக வெளியிட்டாள் என்று கொள்வதெப்படி? ஆரிக் அவளைத் துன்புறுத்தாத நல்லவன் என்பது விடையாகாது. மறுக்க இடமில்லாத இடத்தில் பிறக்கும் நெருக்கத்தை நாவல் ஆராய்ந்திருக்கலாம். அச்சமும் நன்றியும் அன்பும் பிரித்தறிய முடியாமல் கலந்து கிடப்பதைக் காட்டியிருக்கலாம். இறையுணர்வுக் காதல் நாவலின் இலக்கணம் அதற்கு இடந்தரவில்லை.

எஸ்தர் நூலின் மௌனம்

எஸ்தர் கதையை மீட்டெழுதிய முறையிலும் இதையொத்த சிக்கல் உண்டு. எபிரேய மொழியிலுள்ள எஸ்தர் நூலில் இறைவன் பெயர் ஓரிடத்தும் இடம்பெறவில்லை. பூரிம் திருநாளில் அந்நூலை ஓதிவரும் யூத மரபு அம்மௌனத்தைப் பல நூற்றாண்டுகளாகச் சிந்தித்து வந்துள்ளது. எஸ்தர் அரசியான பின்னும் யூதப் பெண்ணாகவே நிற்கிறாள். அகாஸ்வேரு மனந்திரும்பியவனும் அல்லன். ஆமானின் ஆணைக்கு இசைந்த அதே மன்னனே பின்னர் எஸ்தரின் வேண்டுகோளுக்கும் இசைகிறான். அவன் ஆன்மா அக்கதையின் பொருளன்று. மக்கள் பிழைத்தலே பொருள்.

நாவல் இவ்விரண்டையும் மாற்றிவிடுகிறது. இறைவனின் மௌனம் இருந்த இடத்தில் வியத்தகு முறையில் தோன்றும் விவிலியத்தை வைக்கிறது. மன்னன் இருந்த இடத்தில் மனந்திரும்பும் காதலனை வைத்து, கதையின் மையத்தை மக்களிடமிருந்து அவனிடம் நகர்த்துகிறது. முகாம்களில் இறைவன் ஏன் பேசவில்லை என்பது யூதச் சமயச் சிந்தனையின் ஆறாத வினா. அவ்வினாவுக்கு மற்றொரு சமயத்தின் நூலை விடையாக நீட்டும்போது, அன்போடு செய்யினும், அது கேட்டவரின் வினாவை அழித்துவிடுகிறது.

மன்னிக்கும் உரிமை

இரு சாராரும் உண்மையில் முரண்படும் புள்ளி மன்னிப்பேயாகும். சைமன் வீசென்தால் 1969இல் முதலில் வெளியிட்ட ‘சூரியகாந்தி’ என்னும் நூலில், இறக்கும் தறுவாயிலிருந்த எஸ்.எஸ். வீரன் ஒருவன், தான் யூதர்களுக்கு இழைத்த கொடுமைக்காகத் தம்மிடம் மன்னிப்பு வேண்டியதை விவரிக்கிறார். கைதியாயிருந்த அவர் ஒன்றும் சொல்லாமல் வெளியேறினார். பின்னர் அச்செயல் சரியா என்று பலரிடமும் கேட்டார். கொல்லப்பட்டவர் சார்பில் மன்னிக்கும் உரிமை உயிரோடிருப்பவர்க்கு இல்லை என்பது யூதமரபினர் பலரும் அதற்கு அளித்த விடை.

கிறித்துவ மரபு மன்னிப்பை வேறு வகையில் காண்கிறது என்பது மெய்யே. ஆயினும் அம்மரபின் போர்க்கால எழுத்திலேயே இந்நாவலுக்கு எதிர்ச்சான்று கிடைக்கிறது. யூதர்களுக்கு மறைவிடம் தந்தமைக்காக ரேவன்ஸ்புரூக் முகாமில் அடைக்கப்பட்ட டச்சுக் கிறித்துவப் பெண் கோரி டென் பூம். அவர்தம் தமக்கை பெட்சி 1944 டிசம்பரில் அங்கேயே இறந்தார். போருக்குப்பின் 1947இல் மியூனிக் நகரில் அம்முகாமின் முன்னாள் காவலன் ஒருவன் கைநீட்டி மன்னிப்புக் கேட்டபோது, தம்மால் உடனே கையை உயர்த்த இயலாமற் போனதையும், வேண்டுதலுக்குப் பின்னரே அது இயன்றதையும் அவர் பதிவுசெய்துள்ளார். அம்மன்னிப்பு அவருக்கு நேர்ந்த துன்பத்துக்கு அவரே வழங்கியது. காவலனின் அதிகாரத்தின்கீழ் அவர் அப்போது இல்லை. மறுக்கவும் இயன்றிருக்கும். இம்மூன்றும் ஹடாசாவிடம் இல்லை. பட்டியலில் பெயர் பெற்றோர்க்காக அவள் மன்னிக்க இயலாது. நாவலோ அவளது காதலையே அம்மன்னிப்பாக வாசகர்முன் வைக்கிறது. ஆதலின் இந்நாவலை மறுத்தல் கிறித்துவ நம்பிக்கையை மறுத்தலாகாது. அந்நம்பிக்கையின் சிறந்த எழுத்தே இதனினும் கடுமையான அளவுகோலை முன்வைத்திருக்கிறது.

இச்சிக்கல் ஒரு நாவலோடு முடியவில்லை. ரீட்டா விருது 2019இல் இறுதியாக வழங்கப்பட்டபின் அதன் இடத்தில் விவியன் விருது ஏற்படுத்தப்பட்டது. 2021இல் இறையுணர்வுப் பிரிவில் கேரன் விட்மயரின் ‘அட் லவ்ஸ் கமாண்ட்’ அவ்விருதைப் பெற்றது. அதுவும் பெத்தனி ஹவுஸ் வெளியீடே. 1890 டிசம்பர் 29இல் லக்கோட்டா பழங்குடியினர் கொல்லப்பட்ட வூண்டட் நீ படுகொலையில் பங்குகொண்ட படைத்தலைவன் அந்நாவலின் தலைவன். கண்டனம் எழுந்ததால் சில நாள்களில் விருது திரும்பப் பெறப்பட்டது. கொன்றவனின் மீட்பு கதையாகவும் கொல்லப்பட்டோர் அதன் முன்னுரையாகவும் அமையும் வடிவத்தை, ஆறாண்டுகளுக்குப் பின்னும் அவ்விலக்கிய வகை விட்டபாடில்லை.

முடிவுரை

நாவலைப் போற்றியோர் அதன் இலக்கிய வகைக்கு உண்மையாயிருந்தனர். மறுத்தோர் அது தொட்ட வரலாற்றுக்கு உண்மையாயிருந்தனர். இரண்டும் நேர்மையான வாசிப்பே எனினும் இரண்டும் நிகர் என்று முடித்தல் பொருந்தாது. இலக்கிய வகையின் மரபை எழுத்தாளர் மாற்றிக்கொள்ளலாம்; மாண்டோரின் மரணத்தை மாற்ற இயலாது. ஆதலின் இரண்டும் மோதும் இடத்தில் வளைய வேண்டியது வகையே.

சயாம் மரண இரயில்பாதை பற்றிய நாவல்களை வகுப்பறையில் பயிற்றும் நமக்கும் இது பயன்தரும் பாடம். மாணவர் ஒரு போர்க்கால நாவலைப் பிடித்தது, பிடிக்கவில்லை என்று கூறும்போது, அக்கருத்து நூலின் வகையிலிருந்து பிறந்ததா, வரலாற்றிலிருந்து பிறந்ததா என்று அவர்களையே பிரித்தறியச் செய்யலாம். கதையில் துன்பம் யாருடையது, அத்துன்பத்தால் பயன் பெறுபவர் யார் என்னும் இரு வினாக்களையும் அவர்கள்முன் வைக்கலாம். அவ்விரண்டுக்கும் விடை ஒருவரே அல்லராயின், அந்நாவலை மீண்டும் ஒருமுறை பொறுமையாகப் படிக்க வேண்டும்.