முன்னே போகும் கம்பி

இதயத் தமனி அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி என்றதும் எல்லோரும் பலூனையும் ஸ்டென்ட்டையும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அவை இரண்டுக்கும் முன்னால் போகிற கம்பி. கைடு வயர் என்பார்கள். பெரும்பாலும் தடிமன் 0.36 மில்லிமீட்டர்தான். ரத்தக்குழாயின் சுவரைக் கிழித்துவிடக் கூடாதென்று நுனியை மெத்தென்று செய்திருப்பார்கள். விரல் பட்டாலே வளையும். தண்டு மட்டும் விறைப்பு. வெளியே மருத்துவர் விரலிடுக்கில் லேசாகத் திருகினால், உள்ளே நுனி திரும்ப வேண்டுமே!

மணிக்கட்டு வழியாகவோ தொடையிடுக்கு வழியாகவோ நுழைந்த கத்தீட்டர் என்ற மெல்லிய குழாய், இதயத் தமனியின் வாசலில் நிற்கும். அதற்குள்ளிருந்து கம்பி புறப்படும். நுனியில் சிறு வளைவு வைத்திருப்பார்கள்; கிளை பிரியும் இடத்தில் வழி பிடிக்க உதவுவது அதுதான். எக்ஸ்ரே திரையில் அடைப்பைத் தாண்டி நுனி மறுபக்கம் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பலூனும் ஸ்டென்ட்டும் தண்டவாளத்தில் ரயில் வருவதுபோல் அதன்மேல் வந்து சேரும்.

1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில் மருத்துவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், விழித்திருந்த ஒரு நோயாளியின் இதயத் தமனியை முதன்முதலாகப் பலூனால் விரித்தார். வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பலூன் கத்தீட்டர் செய்து பார்த்தவர் அவர். அந்தப் பலூனின் முனையில் குட்டைக் கம்பி ஒட்டியே இருந்தது. தனியே திருப்ப முடியாது. 1980களின் தொடக்கத்தில் மருத்துவர் ஜான் சிம்ப்சன் கம்பியைத் தனியாக நகரவிட்டார். வளைந்து நெளிந்த குழாய்களுக்கும் சிகிச்சை எட்டியது.

வேலை முடிந்ததும் கம்பியை உருவிவிடுவார்கள். நோயாளி வீட்டாருக்கு ஸ்டென்ட்டின் விலைவரை தெரியும். கம்பியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மார்பைத் திறக்காமல் இதயத்தைச் சீராக்க முடிகிறதென்றால், அந்தப் பெருமையில் பெரும்பங்கு இந்தக் கம்பிக்குத்தான்.