ஓரங்கட்டியது யார்?

கூடலூர், கம்பம், சின்னமனூர் பக்கம் இரட்டை மாட்டு வண்டிப் பந்தயம் நடந்த மறுநாள் டீக்கடைக்குப் போனால், முதல் பரிசு வாங்கிய ஜோடியைப் பற்றிய பேச்சு குறைவாகத்தான் இருக்கும். இரண்டாவதாக வந்த ஜோடி ஏன் இரண்டாவதாக வந்தது என்பதில்தான் சூடு. "எல்லை திரும்புறப்ப வேணும்னே ஓரங்கட்டிட்டான்ப்பா" என்று ஒருவர் தொடங்குவார். "இடம் இருந்தா ஏறி வரவேண்டியதுதானே, ரோட்டை யாருக்கும் பட்டா போட்டா குடுத்திருக்கு?" என்று அடுத்த பெஞ்சிலிருந்து பதில் வரும். உடனே செல்போன்கள் வெளியே வரும். பத்து விநாடி வீடியோ ஒன்றை ஏழெட்டுப் பேர் பார்த்து ஏழெட்டுத் தீர்ப்பு சொல்வார்கள்.

இந்தத் தர்க்கத்தை வெட்டிப்பேச்சு என்று தள்ள எனக்கு மனம் வராது. பந்தயத்தைப் பற்றிய அறிவு முழுக்க அங்கேதான் இருக்கிறது. மாட்டின் உயரம் பார்த்துத் தட்டான்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, கரிச்சான், நடுமாடு, பெரியமாடு என்று பிரிக்கிறார்களே, தும்பியும் குருவியும் கலந்த அந்தப் பெயர்களுக்கு டீக்கடைதான் பள்ளிக்கூடம். எந்த ஜோடி ஏற்றத்தில் சளைக்கும், எது பின்னால் சத்தம் கேட்டால்தான் கால் போடும், எந்தச் சாரதி கடைசி மைலுக்காகக் கயிற்றை இழுத்துப் பிடித்து வைத்திருப்பான் என்பதையெல்லாம் நாலு வருடத்துக்கு முந்தைய பந்தயத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. இரண்டு சாரதிகளுக்குள் இருக்கும் பகையை வளர்ப்பதும் இவர்கள்தான். அந்தப் பகை இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் யார் ரோட்டோரம் வந்து நிற்கப்போகிறார்கள்?

உரசல் ஏன் வருகிறது என்பதைச் சாரதியின் குணத்தில் தேடுவதற்கு முன், பந்தயம் அமைந்திருக்கும் விதத்தில் தேட வேண்டும். கொங்குப் பக்கம் ரேக்ளா வேறு மாதிரி. அங்கே 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் அளந்து, வண்டிகளைத் தனித்தனியாக விட்டு, கடிகாரம் வைத்து நேரம் பார்க்கிறார்கள். அங்கே யாரும் யாரையும் ஓரங்கட்ட முடியாது. நம் பக்கம் எல்லா வண்டியும் ஒன்றாகக் கிளம்பி, பொதுச் சாலையில் மைல் கணக்கில் போய், எல்லையில் திரும்பி வர வேண்டும். கிளம்பும் இடத்தில் நெரிசல்; கொடி கண்ணில் பட்டதும் வெறி. இந்த இரண்டையும் விட மோசமான இடம் எல்லைத் திருப்பம்தான்.

மாட்டு வண்டிக்குப் பிரேக் கிடையாது. திரும்பும்போது உள்பக்க மாடு தயங்க வேண்டும், வெளிப்பக்க மாடு சுற்றி வர வேண்டும். அந்த நேரத்தில் இன்னொரு வண்டி உள்ளே நுழைந்தால் சக்கரம் சக்கரத்தில் மாட்டும், அல்லது நுகத்தடி அடுத்த மாட்டின் விலாவில் இடிக்கும். கயிறு சாரதியின் கையில் இருந்தாலும் அந்த நாலைந்து அடியில் முடிவெடுப்பது மாடுதான். ஆகவே "வேணும்னே செஞ்சான்" என்பதில் பாதி அனுமானம். பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டு விரட்டி வரும் பைக்குகளின் பங்கை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பைக்கில் வந்தவர்களும் மறுநாள் அதே டீக்கடையில் நீதிபதிகளாக உட்கார்ந்திருப்பார்கள்.

அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத்திலும் இந்த வழக்கு பழையது. 1979 பிப்ரவரி 18 அன்று டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில், முன்னால் போன டானி ஆலிசனும் கேல் யார்பரோவும் இடித்துக்கொண்டு தடத்தை விட்டு விலக, பின்னால் வந்த ரிச்சர்ட் பெட்டி ஜெயித்தார். இடித்துக்கொண்டவர்கள் இறங்கிக் கைகலந்தது நாடு முழுக்க டிவியில் நேரலையாக ஓடியது. நாஸ்காருக்குக் கூட்டம் சேர்த்த சம்பவங்களில் அதுவும் ஒன்று. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010இல் அதே நாஸ்காரின் டிரக் பிரிவில் ஓட்டினார். தனியாக ஓடும் ரேக்ளா ஊர்க்காரர், இடித்து ஓடும் பந்தயத்துக்குப் போனது ஒரு வேடிக்கைதான்.

நாஸ்காரைச் சொன்னதற்குக் காரணம் 2024 ஆகஸ்டில் ரிச்மண்டில் நடந்தது. ஆஸ்டின் டில்லன் கடைசி வளைவில் ஜோயி லோகானோவை இடித்துச் சுழலவிட்டு, டென்னி ஹாம்லினையும் சுவரில் மோதவைத்து ஜெயித்தார். சில நாளில் தீர்ப்பு வந்தது: வெற்றி அவருக்கே, ஆனால் அந்த வெற்றியால் கிடைக்க வேண்டிய பிளேஆஃப் தகுதி கிடையாது. பாதித் தண்டனை என்று நீங்கள் சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனாலும் அங்கே தண்டிக்க ஓர் அமைப்பும், காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இருக்கின்றன. நம் நோட்டீஸில் இருப்பது "விழாக் கமிட்டியாரின் முடிவே இறுதியானது" என்ற ஒற்றை வரி. தகராறு முற்றினால் பரிசைப் பங்குபோட்டு இரு தரப்பையும் அனுப்பிவைப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஊர் அமைதிக்கு அது நல்லது. ஓரங்கட்டியவனுக்கு அது இன்னும் நல்லது.

இந்த டீக்கடைப் பேச்சின் பெரிய குறையே வேறு. காரை இடித்தால் தகரம் நசுங்கும். உள்ளே இருப்பவர் பெல்ட் போட்டு, ஹெல்மெட் போட்டு, தெரிந்தே உட்கார்ந்திருக்கிறார். இங்கே இடிக்க நினைப்பது ஒருவர், இடி வாங்குவது மாடு. இத்தனை தர்க்கத்தில் மாட்டின் காலில் சிராய்ப்பா, கொம்பு பிளந்ததா என்ற கேள்வி கடைசியில்கூட வருவதில்லை. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் சேர்த்துத்தான் தடுத்தது. 2017இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியபோது, ஜல்லிக்கட்டுக்குக் கொடுத்த விளக்கத்தில் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா என்று பெயர்கள் இருந்தன. வண்டிப் பந்தயம் என்ற பெயர் இல்லை. மகாராஷ்டிரா தன் திருத்தத்தில் அதைப் பெயர் சொல்லியே எழுதியது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு இந்தத் திருத்தங்களை ஏற்றது உண்மை. அதற்காக ஆணி வைத்த தார்க்குச்சிக்கு அனுமதி கிடைத்துவிடவில்லை. இழுவை மாடுகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளே கூர்முனை வைத்த குச்சியைத் தடுக்கின்றன. அடுத்த வழக்கு வரும்போது எதிர்த்தரப்பு காட்டப்போவது, நாம் "யார் ஓரங்கட்டியது" என்று பெருமையாகச் சுற்றுக்கு விடும் இதே வீடியோக்களைத்தான்.

கொங்கு முறைக்கு மாறலாமே என்பார்கள். எனக்குச் சம்மதமில்லை. பக்கத்தில் இன்னொரு வண்டி ஓடாத பந்தயம் கம்பம் பள்ளத்தாக்குக்காரனுக்குப் பந்தயமே அல்ல. ஒரு கிளம்பலில் விடும் வண்டிகளைக் குறைக்கலாம். எல்லையில் கமிட்டி ஆட்களோடு போட்டியில் மாடு விடாத வெளியூர்க்காரர் இருவரையும் நிறுத்தலாம். திருப்பத்தில் உள்ளே நுழைந்து உரசிய வண்டிக்குப் பரிசில்லை என்று நோட்டீஸிலேயே அச்சடிக்கலாம். வண்டிக்குப் பின்னால் பைக் விட்டால், அது எந்த ஜோடியின் ஆளோ அந்த ஜோடியை வரிசையில் கடைசிக்குத் தள்ளலாம். இதற்குச் சட்டசபை கூட வேண்டியதில்லை, ஊர்க்கமிட்டி கூடினால் போதும்.

அடுத்த பந்தயத்துக்கு நோட்டீஸ் அடிக்கப்போகும் கமிட்டிக்காரர்களே, நன்கொடையாளர் படங்களில் ஒன்றைக் கொஞ்சம் சிறிதாக்கினால் இந்த நாலு வரிக்கு இடம் வந்துவிடும்.