‘ஸ்கின் கலர்’ யாருடைய தோல்? – குழந்தைகளின் படப்புத்தகங்களை முன்வைத்து

என் மகளுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் ஒருநாள் நோட்டை விரித்துக் காட்டினாள். அம்மா, அப்பா, ஆயா, அவள் என்று நாலு பேர் வரிசையாக நிற்கிற படம். நாலு மூஞ்சியும் வெளிறிய ரோஸ் நிறம். “ஏண்டி, நாம இந்தக் கலரா?” என்று கேட்டேன். “மூஞ்சிக்கு ஸ்கின் கலர்தான் அடிக்கணும்னு மிஸ் சொன்னாங்க” என்றாள். கிரேயான் டப்பாவிலிருந்து அந்தக் குச்சியை எடுத்துத் தன் கையிலேயே ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். கோடு வெள்ளையாக விழுந்தது. எச்சில் தொட்டு அழித்துவிட்டு விளையாட ஓடிவிட்டாள். நான்தான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

எம்.ஏ. தமிழ் படித்தவள் நான். தலித் அழகியல் பற்றிக் கூட்டங்களில் பேசுகிறவள். கறுப்பு அழகு என்று எத்தனை மேடைகளில் சொல்லியிருப்போம்! அத்தனையையும் ஒரு கிரேயான் குச்சி அரை நிமிடத்தில் தோற்கடித்துவிட்டது. ஏனென்றால் அந்தக் கூட்டங்களுக்கு என் மகள் வரவில்லை. அவள் இருந்த இடத்துக்கு நாமும் போகவில்லை. மூன்று வயது, நான்கு வயதுக் குழந்தை பார்க்கிற படம், கேட்கிற கதை, அம்மா மடியில் உட்கார்ந்து புரட்டுகிற புத்தகம் ஆகியவற்றை நம் இலக்கிய விவாதங்கள் ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதேயில்லை.

அன்றிலிருந்து அவளோடு சேர்ந்து படிக்கப் படப்புத்தகங்கள் தேட ஆரம்பித்தேன். வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள். நான், மகள், எங்கம்மா. எங்கம்மா நாற்பது வருஷம் நடவும் களையும் செய்தது. எழுத்துத் தெரியாது. ராத்திரி எட்டு மணிக்கு மூணு பேரும் ஒரே பாயில்தான். ஆகவே எனக்குத் தேவைப்பட்ட புத்தகத்துக்கு மூன்று பரீட்சைகள் இருந்தன. முடித்ததும் மகள் ‘இன்னொரு தபா’ என்று சொல்லவேண்டும். வாய்விட்டுப் படிக்கும்போது என் நாக்கு தடுக்கக்கூடாது. எழுத்துத் தெரியாத எங்கம்மாவும் அந்தப் புத்தகத்துக்குள் வர வழி இருக்கவேண்டும். மூன்றாவது பரீட்சையை எந்தப் பதிப்பாளரும் நினைத்துப் பார்த்திருப்பார்கள் என்று தோன்றவில்லை. பெற்றோர் குழந்தைக்குப் படித்துக் காட்டலாம் என்று பின்னட்டையில் போடுகிறவர்கள், எல்லாப் பெற்றோருக்கும் படிக்கத் தெரியும், அதற்கு நேரமிருக்கும், தலைமாட்டில் ஒரு விளக்கு இருக்கும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் போடுகிறார்கள்.

* * *

என் சின்ன வயதில் புதுப்புத்தகம் என்று யாரும் வாங்கித் தரவில்லை. பழைய பேப்பர் கடையிலிருந்து வந்த அம்புலிமாமாதான். 1947இல் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய அந்த இதழில், உருவிய வாளோடு தோளில் பிணத்தைச் சுமந்து நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்தது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. ரசித்தேன் என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அந்தப் படங்களில் நாங்கள் யார்? அரசன் நியாயம் சொல்வதற்காகக் கைகட்டி நிற்கிற கூட்டத்தில் கடைசி வரிசை. 1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதை இதை இன்னும் அழுத்தமான வண்ணத்தில் செய்தது. தேவர்களுக்கு ஒரு தோல், அசுரர்களுக்கு ஒரு தோல். கறுத்து, பருத்து, பல் துருத்திக்கொண்டிருப்பவன் சாகப்போகிறான் என்று எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். சாதியைச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல பாடத்திட்டம் வேண்டுமா?

சோவியத்திலிருந்து தமிழிலேயே அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தகக் கடைகளில் மலிவாகக் கிடைத்த படப்புத்தகங்கள் வேறொரு உலகத்தைக் காட்டின. 1991இல் அந்த நாடே இல்லாமல் போனதும் அவையும் நின்றன. பிறகு சென்னையில் 1994இல் தாரா, 1996இல் தூலிகா என்று பதிப்பகங்கள் வந்தன. பழங்குடி ஓவியர்களின் கோடுகள் குழந்தைப் புத்தகத்துக்குள் நுழைந்தன. மகாசுவேதா தேவி எழுதிய, பாபுவின் ஆடுகளை மேய்க்கிற சபர் பழங்குடிச் சிறுமி மொய்னா தமிழுக்கு வந்தாள். எதற்கெடுத்தாலும் ‘ஏன்?’ என்று கேட்கிற பெண். என் மகளுக்கு அவளை ரொம்பப் பிடித்தது. ஒரு வாரம் எங்கள் வீட்டில் ஏன் ஏன் என்று காது புளித்துப் போயிற்று.

இருந்தாலும் புத்தகக் கண்காட்சியில் மற்ற அடுக்குகளைப் புரட்டும்போது பழைய கதைதான். தனி அறை, கட்டில், மேசை விளக்கு. “இந்தப் பாப்பா வூட்டுல ஆயா எங்க படுக்கும்?” என்று மகள் கேட்டாள். தட்டில் இட்லி, தோசை, ஆப்பிள். கருவாடு இல்லை, நண்டு இல்லை, வயலில் பொறுக்கிய நத்தை இல்லை, மாட்டுக்கறி இல்லவே இல்லை. 2008இல் ஹைதராபாத் அன்வேஷி அமைப்பு ‘வேறு கதைகள்’ என்ற வரிசையில், கோகு சியாமளா, ஜூபாக சுபத்ரா, முகமது கதீர்பாபு முதலானோர் எழுதிய கதைகளைத் தெலுங்கு, மலையாளம், ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. தலைக்கறி சமைப்பதே ஒரு கதையாக அதில் உண்டு. அந்த வரிசையில் தமிழ் இல்லை. யாரைக் குறை சொல்வது? நாம் கேட்கவில்லை.

மொழி அதற்கு மேல். “அணில் மகிழ்ச்சியுடன் துள்ளிக் குதித்தது” என்று படிக்கிறேன். எங்க தெருவில் எந்த அணிலும் மகிழ்ச்சியுடன் குதிக்காது, சும்மா குதிக்கும். படிக்கும்போதே ‘அணிலு குதிச்சி ஓடிச்சி’ என்று மாற்றிக்கொள்கிறேன். மகள் அச்செழுத்தைக் காட்டி, “இங்க அப்படியா போட்டிருக்கு?” என்கிறாள். நம் பேச்சு புத்தகத்தில் அச்சாகத் தகுதியற்றது என்கிற பாடம் அவளுக்கு ஐந்து வயதில் கிடைத்துவிடுகிறது. ‘கருக்கு’ வந்து (1992) முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. பெரியவர்களுக்கான எழுத்தில் நம் பேச்சு ஜெயித்த சண்டை குழந்தைப் புத்தகத்தில் இன்னும் தொடங்கவேயில்லை.

* * *

இந்த இடத்தில் கறுப்பர்களின் அனுபவத்தைப் பார்க்கவேண்டியிருக்கிறது. கறுப்பு இலக்கியத்திலிருந்து கவிதையையும் தன்வரலாற்றையும் எடுத்துக்கொண்ட நாம் அவர்களது குழந்தைப் புத்தகங்களைக் கவனிக்கத் தவறிவிட்டோம். டுபோய்ஸ் 1920 ஜனவரியிலேயே கறுப்புக் குழந்தைகளுக்கென்று ‘தி பிரௌனிஸ் புக்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். ஜெஸ்ஸி ஃபாசெட் அதன் இலக்கியப் பொறுப்பில் இருந்தார். இருபத்து நாலு இதழ்கள் வந்து 1921 கடைசியில் நின்றுபோனது. ஆனால் ஒரு பெரும் சமூகச் சிந்தனையாளர் குழந்தைகளின் பக்கத்தைத் தன் அரசியலுக்கு வெளியே வைக்கவில்லை என்பதுதான் கவனிக்கவேண்டியது.

1965இல் நான்சி லாரிக் ஒரு கணக்குக் காட்டினார். 1962 முதல் 1964 வரை அமெரிக்காவில் 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 குழந்தை நூல்களில் கறுப்பர் ஒருவராவது தலைகாட்டியவை 349தான். நூற்றுக்கு ஏழுகூட இல்லை. தமிழ்ப் படப்புத்தகங்களை யாராவது இப்படி எண்ணிப் பார்க்கவேண்டும். ஆய்வுத் தலைப்பு தேடி அலையும் மாணவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் வந்த ஒரு புத்தகம்தான் எஸ்ரா ஜாக் கீட்ஸின் ‘தி ஸ்னோயி டே’ (1962). கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பீட்டர் என்ற கறுப்புச் சிறுவன் காலையில் எழுகிறான். வெளியே பனி கொட்டிக் கிடக்கிறது. சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு போய் விளையாடுகிறான். ஒரு பனி உருண்டையைச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறான். அது கரைந்துபோகிறது. வருத்தப்படுகிறான். மறுநாளும் பனி. அவ்வளவுதான். அவனை யாரும் அடிக்கவில்லை, விரட்டவில்லை, அவன் எதையும் நிரூபிக்கவும் இல்லை. அடுத்த ஆண்டு அதற்குக் கால்டெகாட் பதக்கம் கிடைத்தது.

கீட்ஸ் வெள்ளையர், யூதர். தலித் அல்லாதவர் தலித் இலக்கியம் எழுதலாமா என்று தொண்ணூறுகளில் இங்கே நடந்த விவாதம் அங்கேயும் நடந்தது. அதே லாரிக், பீட்டரின் அம்மாவைப் பருத்த உருவமாக, பளபளக்கும் கட்டம்போட்ட உடையில் வரைந்திருப்பதைக் கேள்வி கேட்டார். பரிவோடு வரைகிறவர் கையிலும் பழைய அச்சு ஒளிந்திருக்கும் என்று அவர் காட்டியது சரிதான். ஆனாலும் பீட்டரை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். காரணம், அவனுக்குச் சும்மா விளையாடுகிற உரிமை கிடைத்திருக்கிறது. 1990இல் ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற கறுப்பினப் பேராசிரியை, புத்தகம் குழந்தைக்கு ஜன்னலாகவும் இருக்கவேண்டும், கண்ணாடியாகவும் இருக்கவேண்டும் என்று எழுதினார். நம் பிள்ளைகளுக்கு அடுத்தவர் வீட்டு ஜன்னல்கள் நிறைய இருக்கின்றன. முகம் பார்க்கத்தான் கண்ணாடி இல்லை. கண்ணாடி கிடைக்கும்போதும் அதில் காயம் மட்டும்தான் தெரிகிறது. நம் பிள்ளை புத்தகத்தில் வந்தால் உடனே தீண்டாமை, வறுமை, படிப்பு நிற்பது, பிறகு ஒரு நல்ல வாத்தியார் காப்பாற்றுவது. சேரியில் யாரும் சிரிப்பதேயில்லையா?

* * *

அப்படியானால் வலியைச் சொல்லவேண்டாமா என்ற கேள்வி வருகிறது. இதற்கு எனக்குப் பதில் சொன்னது எங்கம்மாதான்.

மாலை வகுப்புப் பெரிய பிள்ளைகளுக்காக ‘பீமாயண’த்தைக் கொண்டுவந்து வைத்திருந்தேன். 2011இல் நவயானா வெளியிட்டது, தமிழிலும் வந்திருக்கிறது. கதை ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும். படம் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு ஓவியர்கள். 1901இல் அப்பாவைப் பார்க்கக் கோரேகாவுக்குப் போன சிறுவன் பீமுக்கும் கூட வந்த பிள்ளைகளுக்கும் வழி முழுக்கத் தண்ணீர் மறுக்கப்பட்ட கதை அதில் வருகிறது. ஐந்து வயதுக்கான புத்தகம் இல்லை. மகள் அதைத்தான் இழுத்துக்கொண்டு போய் ஆயா மடியில் உட்கார்ந்தாள். நான் பிடுங்கப் போனேன்.

“வுடுடி, பாக்கட்டும்” என்று சொல்லிவிட்டு எங்கம்மா படிக்க ஆரம்பித்தது. ஆமாம், படித்தது. இந்தப் புத்தகத்தில் சதுரச் சதுரமாகக் கட்டம் கட்டியிருக்காது. வீட்டுச் சுவரில், தரையில் போடும் திக்னா கோலம்தான் பக்கத்தைப் பிரிக்கும். எங்கம்மா விரலால் கோலத்தைப் பிடித்துக்கொண்டே போனது. பேச்சு வருகிற கூண்டுகளிடம் வந்ததும் நின்றது. நல்ல மனுஷர் பேச்சு பறவை வடிவத்தில் இருக்கும். கொடிய பேச்சுக்குத் தேளின் வால் இருக்கும். இதை நான் முன்னுரைகளைப் படித்துத் தெரிந்துகொண்டவள். எங்கம்மா ஒரு எழுத்தும் படிக்காமல் சொன்னது: “இது தேளு கொடுக்குடி. இவன் கொட்டற பேச்சு பேசறான். இது குருவி. இது நம்மாளு.”

மகளுக்குச் சிரிப்பு. பக்கம் பக்கமாகத் தேள் எங்கே, குருவி எங்கே என்று தேடினாள். அப்புறம்தான் கேட்டாள்: “ஆயா, அந்தப் பையனுக்கு ஏன் தண்ணி குடுக்கல?”

நான் வாயைத் திறக்குமுன் எங்கம்மா சொல்லிவிட்டது. “குடுக்க மனசு வரல அவுங்களுக்கு. நாம தொட்டா தீட்டுன்னாங்க. இவன் இன்னா செஞ்சான் தெரியுமா? பெரியவனாயி ஆயிரம் ஆயிரம் பேரக் கூட்டிக்கிட்டுக் கொளத்துக்கே போயி மொண்டு குடிச்சான்.” மகாத், 1927. ஏப்ரல் பதினாலு கூட்டங்களில் கேட்டுக் கேட்டு எங்கம்மாவுக்கு வந்த சரித்திரம். மகள் கொஞ்சநேரம் படத்தையே பார்த்தாள். “இன்னொரு தபா” என்றாள்.

மூன்று பரீட்சையிலும் தேறிய புத்தகம் இதுதான் என்று நான் சொல்லவரவில்லை. விலை எங்களுக்கு எட்டாதது, மாலை வகுப்புக்கென்று நாலு பேரிடம் பணம் சேர்த்துத்தான் வாங்கினோம். ஆனால் ஒன்று புரிந்தது. படம் ஒரு எழுத்து. எழுத்து மறுக்கப்பட்ட தலைமுறை அதைப் படிக்கும், பேரப்பிள்ளைக்குப் படித்தும் காட்டும். வலியைச் சொல்லலாம், மடியில் உட்கார்த்தி வைத்துச் சொல்லவேண்டும், தேளைத் தேடுகிற விளையாட்டோடு சொல்லவேண்டும், குளத்தில் மொண்டு குடித்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் வேறொருத்தர் சொல்வார்கள், தேள் கொடுக்கோடு.

* * *

இனி செய்யவேண்டியவை. 2023இல் தமிழ்நாடு அரசு வாசிப்பு இயக்கம் என்று நுழை, நட, ஓடு, பற எனப் படிநிலை பிரித்துச் சின்னச் சின்னப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. நல்ல வேலை. பல ஊர்களில் புத்தகங்கள் பீரோவில் பூட்டிக் கிடக்கும், கேட்டால் பிள்ளைகள் கிழித்துவிடும் என்பார்கள். கிழியட்டும், புத்தகம் பழகுவதற்குத்தானே. பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்பது இயக்கத் தோழர்கள் வேலை. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழிலும் படக்கதைகள் இலவசமாக உண்டு. அச்செடுத்துப் பயன்படுத்த உரிமமும் உண்டு. நாங்கள் மாலை வகுப்பில் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துத் தைக்கிறோம். வண்ணம் பிள்ளைகளே அடிக்கிறார்கள். டப்பாவிலிருக்கும் ஸ்கின் கலர் குச்சிக்கு ‘ரோஸ்’ என்று பெயர் மாற்றிவிட்டோம்.

ஆனால் அடுத்தவர் எழுதியதையே எத்தனை நாளைக்குத் தைத்துக்கொண்டிருப்பது? தன்வரலாறு எழுதினோம், நாவல் எழுதினோம், கோட்பாடு எழுதினோம். நாலு வயசுப் பிள்ளைக்கு நாம் என்ன எழுதினோம்? விடுதலை வந்த பிறகு சந்தோஷத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று பிள்ளைகளிடம் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. அதுவரைக்கும் அவர்கள் பிள்ளைகளாக இருக்கமாட்டார்கள்.

எனக்கு வேண்டிய புத்தகம் சின்னது. பதினாறு பக்கம் போதும். ஒரு சேரி. விடியவிடிய மழை. ஓலைவீட்டுக் கூரையிலிருந்து தண்ணி சொட்டுகிறது. ஒரு கறுத்த பொண்ணு வெளியே வந்து தேங்கிய தண்ணியில் குதிக்கிறாள். நத்தை பொறுக்குகிறாள். ஆயா திட்டுகிறது, பிறகு குழம்பு வைக்கிறது. அவ்வளவுதான் கதை. எழுதத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். வரையத் தெரிந்தவர்கள் வரையுங்கள். ஆயாவை மட்டும் பார்த்து வரையுங்கள்.