அடையாள அட்டை எட்டும் தூரம்

வெளிநாட்டில் வாழும் குடிமக்களுக்கு ஓர் அரசு எப்படிச் சேவை செய்ய வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எஸ்டோனியாவின் பெயர் முதலில் வந்து நிற்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ 13 லட்சம்தான். 1991-இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுதலையை மீட்டெடுத்தபோது உலகம் முழுக்கத் தூதரகம் திறக்க அதனிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை. அந்த இல்லாமையிலிருந்துதான் அது தன் டிஜிட்டல் ஆட்சிமுறையை உருவாக்கியது. அதற்குக் கிடைத்திருக்கும் பாராட்டு பெரும்பாலும் தகுதியானதே. ஆனால் பாராட்டுகிறவர்கள் வெவ்வேறான இரண்டு தூரங்களை ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கும் அவருடைய சொந்த அரசுக்கும் இடையே ஒரு தூரம் உண்டு. அவர் வேறொரு நாட்டின் போலீஸ், நீதிமன்றம், சிறை ஆகியவற்றின் பிடியில் அகப்பட்டால், அவர் பக்கத்தில் வந்து நிற்கச் சொந்த நாட்டு ஆள் கடக்க வேண்டிய தூரம் இன்னொன்று. முதல் தூரத்தை எஸ்டோனியா ஏறக்குறைய இல்லாமலே செய்துவிட்டது. இரண்டாவது தூரத்தை எந்த மென்பொருளும் குறைக்கவில்லை. அங்கே அந்த நாட்டுக்குக் கைகொடுத்தவை அதன் வெளியுறவுக் கொள்கையும் நேரில் போய் நின்ற மனிதர்களுமே.

முதலில் சாதனையைப் பார்ப்போம். எஸ்டோனியக் குடிமகனின் அடையாள அட்டையில் ஒரு சிப் இருக்கிறது. அதனோடு இரண்டு ரகசிய எண்கள். ஒன்று தான் யார் என்று காட்ட, மற்றொன்று கையெழுத்துப் போட. அந்த மின்கையெழுத்துக்கு மையால் போட்ட கையெழுத்துக்குரிய அதே சட்ட மதிப்பு உண்டு. ஹெல்சின்கியில் கட்டட வேலை செய்பவரும் டொரன்டோவில் படிப்பவரும் வரிக்கணக்கைத் தாக்கல் செய்யவோ, நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்யவோ தூதரக வாசலில் நிற்க வேண்டியதில்லை. 2020 முதல் நோட்டரி முன் செய்ய வேண்டிய பல காரியங்களைக்கூட வீடியோ வழியே முடிக்கலாம். தேர்தலிலும் அப்படியே. 2005 உள்ளாட்சித் தேர்தலில் நாடு முழுவதற்கும் இணைய வாக்குப்பதிவைக் கொண்டுவந்த முதல் நாடு இது. அப்போது அந்த வழியைத் தேர்ந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பதிவான வாக்குகளில் பாதிக்கும் மேல் இணையத்தில் விழுந்தன. யாராவது பக்கத்தில் நின்று மிரட்டி வாக்களிக்க வைத்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்த முறை எளிமையான விடை வைத்திருக்கிறது: வாக்குப்பதிவு நாட்களுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி வாக்களிக்கலாம், கடைசியாகப் போட்டதே எண்ணப்படும். நேரில் போய்க் காகிதச் சீட்டைப் போட்டால் மின்வாக்கு நீங்கிவிடும். ஒரு நாட்டை விட்டு வெளியேறியவர்கள் அதன் அரசியலை விட்டும் வெளியேறிவிடாமல் காத்த ஏற்பாடு என்ற அளவில் இதற்கு இணையாக இன்னொன்றைக் காட்டுவது கடினம்.

குறைகளும் இதற்குள்ளேயே இருக்கின்றன. வாக்காளரின் கணினியில் தீங்கான நிரல் புகுந்தாலோ, எண்ணும் சர்வரில் யாராவது கைவைத்தாலோ என்ன ஆகும் என்று 2014-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தவர் உள்ளிட்ட ஆய்வாளர் குழு எழுப்பிய கேள்விகளை எளிதில் தள்ளிவிட முடியாது. 2017-இல் வந்த சோதனை இன்னும் பெரிது. அட்டைகளின் சிப்பில் குறியாக்கச் சாவிகள் உருவாகும் விதத்தில் பிழை இருப்பதைச் செக் நாட்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ ஏழரை லட்சம் அட்டைகள், அதாவது நாட்டில் பாதிக்கும் மேற்பட்டோரின் கையெழுத்து, சந்தேகத்துக்கு உள்ளாயின. அரசு மறைக்கவில்லை, செப்டம்பரில் வெளிப்படையாக அறிவித்தது, நவம்பரில் பழைய சான்றிதழ்களை நிறுத்தியது, பெரும்பாலோர் வீட்டிலிருந்தே புதுப்பித்துக்கொள்ள வழி செய்தது. நெருக்கடியைக் கையாண்ட நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் எல்லாச் சேவைக்கும் ஒரே அட்டை என்றால் அந்த அட்டையில் ஏற்படும் ஒரு பிழை எல்லாச் சேவைகளையும் சேர்த்தே பாதிக்கும் என்பதும் அன்று தெரிந்தது. உள்நாட்டில் இருப்பவர் அட்டை வழங்கும் போலீஸ் அலுவலகத்துக்குப் போய்விடலாம். அருகில் தூதரகம் இல்லாத நாட்டில் இருப்பவருக்கு அந்த வழியும் இல்லை.

இங்கிருந்துதான் வெளியுறவுக் கொள்கைக்கு வர வேண்டியிருக்கிறது. எஸ்டோனியா 2004-இல் நேட்டோவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்ந்ததை ரஷ்யாவிடமிருந்து பாதுகாப்புத் தேடியது என்று மட்டும் படிப்பது பாதிப் படிப்பு. தன் நாட்டுத் தூதரகம் இல்லாத இடத்தில் வேறெந்த உறுப்பு நாட்டின் தூதரகத்திலும், அந்த நாட்டுக் குடிமகனுக்குச் சமமாக உதவி பெறும் உரிமையை ஒன்றியத்தின் ஒப்பந்தம் தருகிறது. 2015-இல் வந்த ஒன்றியச் சட்டம் அதன் நடைமுறையை வரையறுத்தது. சிறிய நாட்டுக்கு இது நூற்றுக்கணக்கான தூதரகங்களைக் கட்டியதற்குச் சமம். இந்த உறவு உண்மையில் எவ்வளவு பெறும் என்பது 2011-இல் தெரிந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் சிரியாவிலிருந்து லெபனானுக்குள் சைக்கிளில் வந்த ஏழு எஸ்டோனியர்கள் பெக்கா பள்ளத்தாக்கில் ஆயுதக் கும்பலால் கடத்தப்பட்டார்கள். லெபனானில் எஸ்டோனியாவுக்குத் தூதரகம் கிடையாது. ஏறத்தாழ நான்கு மாதம் கழித்து அவர்கள் விடுவிக்கப்பட்டதும் கொண்டுசேர்க்கப்பட்ட இடம் பெய்ரூத்திலுள்ள பிரெஞ்சுத் தூதரகம். அந்த ஏழு பேரையும் மீட்க உதவியது அவர்களுடைய அரசு பல ஆண்டுகளாகப் பாரிஸுடனும் பிரஸ்ஸல்ஸுடனும் வளர்த்த உறவு. அவர்கள் சட்டைப் பையில் இருந்த சிப் அட்டைக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. தன் தரவுகளைக் காப்பதிலும் எஸ்டோனியா இதே பாதையில்தான் போனது. 2007-இல் தலைநகர் தாலினில் சோவியத் காலப் போர்வீரர் சிலை இடம் மாற்றப்பட்டபோது அரசின் இணையதளங்கள் தாக்கப்பட்டன; மாஸ்கோவில் இருந்த எஸ்டோனியத் தூதரகமும் முற்றுகையிடப்பட்டது. அந்த அனுபவத்துக்குப் பிறகு, நாடே ஆக்கிரமிக்கப்பட்டாலும் பதிவேடுகள் அழியாதிருக்க லக்சம்பர்க்கில் ஒரு 'தரவுத் தூதரகம்' அமைக்க 2017-இல் ஒப்பந்தம் போட்டார்கள். அங்குள்ள சர்வர்களுக்குத் தூதரகத்துக்கு நிகரான சட்டப் பாதுகாப்பு உண்டு. டிஜிட்டல் அரசின் கடைசிக் காப்பும் இன்னொரு நாடு கொடுத்த வாக்குறுதியில்தான் இருக்கிறது.

இந்தக் காப்பு எங்கே முடிகிறது என்பதைத் தமிழ்நாட்டில் நடந்த ஒரு வழக்கு மிகத் துல்லியமாகக் காட்டுகிறது. 2013 அக்டோபரில் தூத்துக்குடிக்கு அப்பால் 'சீமேன் கார்டு ஓகையோ' என்ற கப்பலை இந்தியக் கடலோரக் காவல்படை மடக்கித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் காவலர்களை ஏற்றிச்சென்ற கப்பல் அது. உரிமை அமெரிக்க நிறுவனத்துடையது, கொடி சியரா லியோனுடையது. கப்பலில் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் இருந்தன. மொத்தம் 35 பேர் கைதானார்கள்: இந்தியர் 12, பிரிட்டிஷார் 6, உக்ரைனியர் 3, எஸ்டோனியர் 14. தமிழ்நாட்டின் கியூ பிரிவு போலீஸ் வழக்கை நடத்தியது. 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் குற்றச்சாட்டுகளை ரத்து செய்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி விசாரணையை நடத்தச் சொன்னது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் அனைவருக்கும் ஐந்தாண்டு கடுங்காவல் விதித்தது. 2017 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எல்லோரையும் விடுதலை செய்தது. நான்காண்டுக்கும் மேலாக அந்தப் பதினான்கு பேர் பாளையங்கோட்டை, புழல் சிறைகளிலும், ஜாமீனில் வந்த பிறகு ஊர் திரும்ப முடியாமல் வெளியிலுமாகக் கிடந்தார்கள். டெல்லியில் எஸ்டோனியா தூதரகம் திறந்ததே அதே 2013-இல்தான். புழல் சிறை அந்தத் தூதரகத்திலிருந்து சாலை வழியே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். தாலினில் குடும்பத்தார் அடையாள அட்டையைக் கொண்டு அரசின் பதிவேடுகளில் உள்ள தங்கள் விவரங்களை நொடியில் திறக்க முடிந்திருக்கும். சிறையில் மருந்து கிடைக்கிறதா, வழக்கறிஞர் வந்தாரா, அடுத்த வாய்தா என்றைக்கு என்பவை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவற்றை அறிய ஒரு மனிதர் விமானம் ஏறிப் போய், சிறைக் கண்காணிப்பாளரிடம் அனுமதி வாங்கி, பார்வையாளர் அறையில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதே கப்பலில் கைதான ஆறு பிரிட்டிஷாரும் அதே நாட்களை அதே சிறைகளில்தான் கழித்தார்கள். பிரிட்டனுக்குச் சென்னையிலேயே துணை ஹைகமிஷன் இருக்கிறது. இந்தியாவோடு நீண்டகால உறவும் இருக்கிறது. அவ்வளவு பெரிய நாட்டால் முடியாததைச் சிறிய நாடு செய்யவில்லை என்று குறை சொல்வது நியாயமா? விடுதலை ஒன்றையே அளவுகோலாக வைத்தால் இந்த மறுப்புக்குப் பதில் இல்லை. சுதந்திரமான நீதிமன்றத்தின் முடிவை எந்த வெளியுறவு அமைச்சரும் மாற்ற முடியாது, மாற்ற முயலவும் கூடாது. ஆனால் தூதரகச் சேவையின் அளவுகோல் விடுதலை அல்ல. கைதான வெளிநாட்டவரைப் போய்ப் பார்க்கவும், அவரோடு பேசவும், அவருக்கு வழக்கறிஞர் ஏற்பாடு செய்யவும் தூதரக அதிகாரிகளுக்கு உரிமை உண்டு என்று 1963 வியன்னா உடன்படிக்கை சொல்கிறது. அந்த உரிமையை எத்தனை முறை, எவ்வளவு விரைவில், எந்த மொழியில் பயன்படுத்தினார்கள் என்பதே சேவை. சிறையில் தனித்துக் கிடப்பவருக்கு அதற்கும் வெறுமைக்கும் இடையிலான வேறுபாடு மிகப் பெரியது. தாலினின் வெளியுறவு அமைச்சர்கள் அடுத்தடுத்து டெல்லியிடம் இந்த வழக்கைப் பேசியது உண்மை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அமைச்சர் அளவில் எடுத்த முயற்சிக்கு இணையான பலம் சிறை வாசலிலும் வேண்டும் என்பதே என் வாதம். கடலோடிகளும் பாதுகாவலர்களும் உலகத் துறைமுகங்கள் எங்கும் வேலைக்குப் போகும் நாட்டுக்கு இது என்றோ ஒரு நாள் வரும் விபத்து அல்ல, தொழிலோடு ஒட்டி வரும் ஆபத்து.

செலவைச் சொல்லும் மறுப்பும் உண்டு: 13 லட்சம் பேரின் வரிப்பணத்தில் எல்லா இடத்திலும் ஆள் வைக்க முடியாது, ஆகவே டிஜிட்டல் வழியே விவேகமானது என்று. தூதரக எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மிச்சமாகும் நேரம் எங்கே போகிறது என்றுதான் கேட்கிறேன். காகித வேலை இணையத்துக்குப் போய்விட்டால் கவுன்டரில் இருக்கும் அதிகாரியின் பொழுது, துன்பத்தில் இருப்பவரைத் தேடிப் போகும் வேலைக்குத் திரும்ப வேண்டும். 2014 டிசம்பரில் எஸ்டோனியா இ-ரெசிடென்சி திட்டத்தைத் தொடங்கியது: எந்த நாட்டவரும் எஸ்டோனிய மின்அடையாளம் பெற்று அங்கே நிறுவனம் நடத்தலாம், குடியுரிமையோ அங்கே வாழும் உரிமையோ அதில் கிடையாது. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் சேர்ந்துவிட்டார்கள். நாட்டுக்கு வருமானமும் புகழும் கிடைத்திருக்கின்றன. ஆனால் அந்த அட்டையை வாங்க வருபவரும் விரல்ரேகை வைக்கத் தூதரகத்துக்கோ அதற்கென வைத்த அலுவலகத்துக்கோ நேரில் வர வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக ஓர் அரசு தன் வாசலைத் திறந்து வைப்பதில் தவறில்லை. சொந்தக் குடிமக்களுக்காக ஒதுக்கிய ஆட்களின் உழைப்பை அது எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்ற கணக்கும் அதே பெருமையோடு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும்.

எல்லாவற்றையும் விடக் கடினமான இடம் பக்கத்து நாடுதான். 2022 ஏப்ரலில் ரஷ்யா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த எஸ்டோனியத் துணைத் தூதரகத்தையும் ப்ஸ்கோவ் அலுவலகத்தையும் மூடச் சொன்னது. 2023-இல் தூதரையும் வெளியேற்றியது. ரஷ்யாவுக்குப் போகாதீர்கள், அங்கே சிக்கினால் உதவ முடியாமல் போகலாம் என்று எஸ்டோனிய அரசு திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. ஆனாலும் உறவினரைப் பார்க்க எல்லையிலுள்ள நார்வா பாலத்தைக் கடப்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் மிக எளிதாக அகப்படக்கூடியவர் ரஷ்யக் குடியுரிமையும் சேர்ந்த இரட்டைக் குடியுரிமை உள்ளவர். ரஷ்யா அவரைத் தன் குடிமகனாக மட்டுமே நடத்தும், எஸ்டோனிய அதிகாரியைப் பார்க்க விடாது. அவருக்குச் சொந்த நாட்டுச் சட்டமும் இடைஞ்சலாக நிற்கிறது. பிறப்பால் எஸ்டோனியரானவரின் குடியுரிமையை யாரும் பறிக்க முடியாது என்று அரசியலமைப்பு சொல்கிறது. அதனால் பின்லாந்தில் குடியேறி அந்நாட்டுப் பாஸ்போர்ட்டும் பெற்றவர், சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்காவிட்டாலும், நடைமுறையில் இரண்டையும் வைத்துக்கொள்கிறார். பின்னால் குடியுரிமை பெற்றவருக்கு இந்தக் காப்பு இல்லை. இரண்டாவது பாஸ்போர்ட் தெரியவந்தால் எஸ்டோனியக் குடியுரிமையையே இழக்கலாம். ஆகவே உதவி தேவைப்படும் நேரத்தில் தன் நிலைமையைத் தூதரகத்திடம் முழுமையாகச் சொல்ல அவர் அஞ்சுவார். அடுத்த நாட்டவருக்குப் பாஸ்போர்ட் வழங்கிவிட்டு, பிறகு அவர்களைக் காக்கிறோம் என்று படையோடு நுழையும் வழக்கம் ரஷ்யாவுக்கு உண்டு என்பதை 2008-இல் ஜார்ஜியா கண்டது. அந்த அச்சத்தை யாரும் எஸ்டோனியாவிடம் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த அச்சம் ரஷ்யப் பாஸ்போர்ட்டைப் பற்றியது. கனடாவிலோ பின்லாந்திலோ இருபதாண்டு வேலை செய்து இரண்டாவது பாஸ்போர்ட் வாங்கிய ஒருவரை, அவர் எஸ்டோனியாவில் குடியுரிமை பெற்றது பிறப்பாலா விண்ணப்பத்தாலா என்று பார்த்துப் பிரிப்பதற்கு அதில் காரணம் எதுவும் இல்லை. இன்றைய சட்டம் பிறப்பைப் பார்த்துப் பிரிக்கிறது. இரண்டாவது பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று பார்த்துப் பிரிப்பதாக அதை மாற்ற ஒரு திருத்தம் போதும்.