இரண்டு காசு

மிகவும் பழகிப்போன கதைகளை யாரும் வாசிப்பதில்லை, நினைவுபடுத்திக்கொள்வதோடு சரி. ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட கதை அப்படிப்பட்டது. மிஷன் பள்ளிக்கூடத்துப் படியை மிதித்தவர்களுக்கெல்லாம் அது தெரியும். பணக்காரர்கள் நிறையப் போட்டார்கள். அவள் இரண்டு காசு போட்டாள். எல்லாரையும்விட அவளே அதிகம் போட்டாள் என்று இயேசு சொன்னார். ஆகையால் நீங்களும் உள்ளதையெல்லாம் கொண்டுவந்து கொடுங்கள் என்பது பிரசங்கிமார் ஒட்டவைக்கும் வால். கதையில் அந்த வால் கிடையாது.

மாற்கு சுவிசேஷத்தில் 12-ஆம் அதிகாரத்தின் கடைசி நான்கு வசனங்கள்தாம் இந்தக் கதை முழுவதும். லூக்கா இதையே இன்னும் சுருக்கிச் சொல்லியிருக்கிறார். மற்ற இடங்களில் மாற்கை ஒட்டியே நடக்கும் மத்தேயு, இதை ஏனோ விட்டுவிட்டார். கதை எழுதிப் பிழைக்கிறவன் அந்த நான்கு வசனங்களைப் படித்தால் அவனுக்குப் பொறாமைதான் உண்டாகும். இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, ஜனங்கள் பணம் போடுகிற விதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எருசலேம் ஆலயத்தில் எக்காள வடிவத்தில் 13 பெட்டிகள் இருந்தன என்று யூதர்களுடைய மிஷ்னா கூறுகிறது. ஆலய வரிக்கும், பட்சி பலிக்கும், விறகுக்கும், தூபவர்க்கத்துக்கும் என்று ஏழு. மனமுவந்து போடுகிற காணிக்கைக்கு ஆறு. அவற்றில் எதில் அவள் போட்டாளோ, மாற்குக்கு அதைப் பற்றி அக்கறை இல்லை. எத்தனை காசு என்பதில்தான் அவருக்கு அக்கறை.

அவள் போட்டவை லெப்டன் என்ற மிகச் சிறிய செப்புக் காசுகள். கூலிக்காரனுடைய ஒரு நாள் சம்பளம் ஒரு தினாரியு. 128 லெப்டன் சேர்ந்தால் ஒரு தினாரியு. ஆக, அவளிடம் இருந்தது ஒரு நாள் கூலியில் 64-இல் ஒரு பங்கு! ரோமாபுரிக் கணக்கில் அது எவ்வளவு என்று மாற்கு விளக்குகிறார். தமிழில் வேதத்தைப் பெயர்த்தவர்கள் அந்த ரோம நாணயத்துக்குத் ‘துட்டு’ என்று எழுதிவிட்டார்கள். டச்சுக்காரன் விட்டுப்போன சில்லறைக் காசின் பெயர் வேதாகமத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது வேடிக்கைதான். ஆனாலும் பொருத்தமான வேடிக்கை. காசு இரண்டு என்பதையும் கவனிக்க வேண்டும். ஒன்றைப் போட்டு ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதுவரைக்கும் பிரசங்கிமாரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கதைக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீண்ட அங்கி தரித்து, சந்தைவெளியில் வணக்கத்தை எதிர்பார்த்து, விருந்தில் முதலிடத்தைத் தேடும் வேதபாரகர்களை இயேசு கண்டிக்கிறார். அவர்கள்மேல் அவர் சாட்டுகிற பெரிய குற்றம், விதவைகளின் வீடுகளை விழுங்குகிறார்கள் என்பது. அந்த வாக்கியம் முடிந்த கையோடு ஒரு விதவை உள்ளே வருகிறாள்! இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதைக்குப் பின்னால் வருவதோ ஆலயமே இடிந்துபோகும் என்ற வாக்கு. இரண்டுக்கும் நடுவே அதிகாரம் மாறுவதால் நாம் புத்தகத்தை மூடிவிடுகிறோம். ஆனால் அதிகாரப் பிரிவினையெல்லாம் 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. மாற்கு அங்கே நிறுத்தவில்லை.

அடிசன் ரைட் என்ற வேத ஆராய்ச்சியாளர் 1982-இல் எழுதிய ஒரு கட்டுரையில், இயேசுவின் வார்த்தை புகழ்ச்சியல்ல, புலம்பல் என்று வாதாடினார். தாய் தகப்பனுக்கு உதவ வேண்டிய பொருளைக் ‘கொர்பான்’ என்று சொல்லித் தேவனுக்கு ஒதுக்கிவிடுவதை இதே மாற்கின் 7-ஆம் அதிகாரத்தில் அவர் கண்டித்திருக்கிறாரே. அப்படிப்பட்டவர் ஓர் அநாதை ஸ்திரீ தன் கடைசிக் காசை ஆலயத்தில் போடுவதைக் கண்டு ஆனந்தப்பட்டிருப்பாரா? கேள்வி நியாயமானது. ஆனால் முழுக்க முழுக்கப் புலம்பல் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பெண் யாரோ ஏமாற்ற ஏமாந்துபோன பேதையாகிவிடுகிறாள். அதற்கு நான் உடன்பட மாட்டேன். அவளை யாரும் கேட்கவில்லை. தானாக வந்தாள், தானாகப் போட்டாள். இயேசு போட்டுக் காட்டிய கணக்கும் அவளை உயர்த்துகிற கணக்குத்தான். அவள் பெரியவள் என்பதும் உண்மை. அவளைக் கொடுக்கவிட்டுப் பார்த்திருந்தவர்கள் சிறியவர்கள் என்பதும் உண்மை. மேடையில் முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைத்துவிடுகிறார்கள். கட்டட நிதிக்குப் பணம் வேண்டியிருக்கும்போது அந்த மறைப்பு ரொம்பவும் செளகரியமானது.

அவள் போட்டது ‘ஜீவனம்’ என்கிறது நம் மொழிபெயர்ப்பு. கிரேக்க மூலத்தில் உள்ள ‘பீயோஸ்’ என்ற சொல்லுக்கும் பிழைப்பு, உயிர்வாழ்வு என்ற இரண்டு பொருளும் உண்டு. நல்லவேளையாக இந்த இடத்தில் தமிழ் எதையும் இழக்கவில்லை.

ஜீவனத்தைப் போட்டவள் அன்று இரவு எதைச் சாப்பிட்டாள்? பழைய ஏற்பாட்டில் சாறிபாத் ஊர் விதவை, கடைசிப் பிடி மாவில் எலியாவுக்கு அடை சுட்டுக் கொடுத்தாள். பஞ்சம் தீரும்வரை அவளுடைய பானையில் மாவு குறையவில்லை. இவளுக்கு அப்படி ஒரு பானை இல்லை. அவள் வீடு திரும்பியதைக்கூட மாற்கு எழுதவில்லை. ஆதிச் சபையாருக்கு இந்தக் கேள்வி உறைத்திருக்க வேண்டும். அப்போஸ்தலர் நடபடிகளில் 6-ஆம் அதிகாரம் வந்ததும், கிரேக்க மொழி பேசும் விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு எழுகிறது. அதைச் சரிசெய்ய ஏழு பேரை நியமிக்கிறார்கள். இங்கே பணம் விதவையின் கையிலிருந்து போகவில்லை, அவளை நோக்கி வருகிறது. எருசலேம் ஏழைகளுக்காகக் கொரிந்து சபையில் பணம் திரட்டிய பவுலும், மற்றவர்கள் சுகப்பட நீங்கள் கஷ்டப்பட வேண்டும் என்பது தம் கருத்தல்ல என்று தெளிவாக எழுதினார். அவர் நினைத்திருந்தால் இரண்டு காசுக் கதையைச் சொல்லி அவர்களை உருக்கியிருக்கலாமே!

இன்னொரு விஷயம். இயேசு பேசியது அவளிடம் அல்ல. சீஷர்களைக் கூப்பிட்டு அவர்களிடம். தன்னைப் பற்றி ஒருவர் இப்படிச் சொன்னார் என்பதே அவளுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். அந்தச் சீஷர்களிடம் பொதுவில் ஒரு பணப்பை இருந்தது. யூதாஸ் அதை வைத்திருந்தான். அதிலிருந்து ஏழைகளுக்குக் கொடுப்பது வழக்கம் என்று யோவானின் 13-ஆம் அதிகாரத்திலிருந்து தெரிகிறது. அன்றைக்கு அந்தப் பையை அவிழ்த்துக்கொண்டு அவள் பின்னால் யாராவது ஓடினார்களா? மாற்கு அப்படி ஒன்றும் எழுதவில்லை. ஆலயத்தைவிட்டு வெளியே வருகிறபோது சீஷரில் ஒருவர், இந்தக் கல்லெல்லாம் எவ்வளவு பெரிது, இந்தக் கட்டடமெல்லாம் எவ்வளவு அழகு என்று வியந்துகொண்டு வந்தார் என்றுதான் எழுதியிருக்கிறார்.